ஜார்ஜியாவின் அரசியலைப் புறநகர்கள் புரட்டிப் போட்ட விதம்

கேள்வி இதுதான்: அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் நூறு வருஷத்துக்கு மேல் ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்தது. அப்புறம் குடியரசுக் கட்சியின் கோட்டையானது. 2020-இல் பைடன் ஜெயித்தார், 2024-இல் மறுபடி டிரம்ப். எல்லாவற்றுக்கும் அட்லாண்டாவைச் சுற்றி வளர்ந்த புறநகர்கள்தான் காரணம் என்கிறார்கள். புறநகர் வளர்ந்தால் ஏதோ ஒரு கட்சிக்குத்தானே லாபம்? எப்படி இரண்டு பக்கமும் சாயும்?

காரணம் புறநகர்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எந்தப் புறநகரும் எந்தக் கட்சிக்கும் எழுதிக் கொடுக்கப்பட்டதல்ல. ஜார்ஜியாவில் குடியரசுக் கட்சியை அரியணை ஏற்றிய தெருக்களும், பின்னால் அதே கட்சியைத் திணற அடித்த தெருக்களும் பெரும்பாலும் ஒன்றுதான். இடையில் அந்தத் தெருக்களில் குடியிருந்தவர்கள் மாறினார்கள். மாறாமல் அங்கேயே இருந்தவர்களில் ஒரு பகுதியினர் மனம் மாறினார்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

கதையை 1962-க்கு முன்னாலிருந்து தொடங்க வேண்டும். ஜார்ஜியாவில் 159 கவுண்டிகள். கவுண்டி என்பதைச் சின்ன மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1917-இல் சட்டமான ‘கவுண்டி யூனிட்’ முறைப்படி, கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலில் மொத்த வாக்கை எண்ணி முடிவு செய்வதில்லை. மக்கள்தொகையில் பெரிய 8 கவுண்டிகளுக்குத் தலா 6 யூனிட், அடுத்த 30-க்குத் தலா 4, மீதி 121-க்குத் தலா 2. மொத்தம் 410. கூட்டிப் பாருங்கள், சின்னக் கவுண்டிகள் கையில் மட்டும் 242 யூனிட். 1960 கணக்கெடுப்பில் அட்லாண்டா இருக்கும் ஃபுல்டன் கவுண்டியில் 5,56,326 பேர், எக்கோல்ஸ் கவுண்டியில் 1,876 பேர். அதற்கு 6, இதற்கு 2. எக்கோல்ஸ் அளவில் மூன்று கவுண்டிகள் சேர்ந்தால் ஃபுல்டனுக்குச் சமம்.

அன்றைக்கு ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் வென்றவர்தான் ஆளுநர். பொதுத்தேர்தல் வெறும் சடங்கு. அதனால் இந்தக் கணக்குத்தான் மாநிலத்தின் தலையெழுத்து. டிராம் வண்டி ஓடுகிற ஊர்களின் ஆதரவே தனக்கு வேண்டாம் என்று யூஜின் டால்மட்ஜ் போன்ற ஆளுநர் பெருமையடித்துக்கொள்ள முடிந்தது இதனால்தான். கருப்பின மக்களை அதிகாரத்துக்குப் பக்கத்திலேயே வரவிடாமல் வைப்பதற்கும் இந்த முறை நன்றாகவே உதவியது.

1962-இல் நீதிமன்றம் இந்த முறையை ரத்து செய்தது. அடுத்த வருஷம் ‘கிரே எதிர் சாண்டர்ஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1964-இல் ‘வெஸ்பெரி எதிர் சாண்டர்ஸ்’. அதுவும் ஜார்ஜியா வழக்குதான். அட்லாண்டா அடங்கிய காங்கிரஸ் தொகுதியில் 8,23,680 பேர், இன்னொரு தொகுதியில் 2,72,154 பேர். இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு உறுப்பினர் என்பது செல்லாது என்று தீர்ப்பானது. தலைக்கு ஒரு வாக்கு என்றானதும், தலைகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதே அரசியலாகிவிட்டது. அப்போது அவை புறநகருக்குப் போய்க்கொண்டிருந்தன.

க்வின்னெட் கவுண்டியைப் பாருங்கள். அட்லாண்டாவுக்கு வடகிழக்கே, 85-ஆம் எண் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் விரிந்து கிடக்கும் இடம். 1970-இல் 72,349 பேர். 1990-இல் மூன்றரை லட்சம். 2020-இல் 9,57,062. எண்பதுகளில் நாட்டிலேயே மிக வேகமாக வளர்ந்த பெரிய கவுண்டி என்று பெயர் எடுத்தது. நெடுஞ்சாலையோரம் இரண்டு பெரிய தண்ணீர்த் தொட்டிகள் நின்றன. ஒன்றில் ‘க்வின்னெட் மகத்தானது’ என்றும், இன்னொன்றில் ‘வெற்றி இங்கே வாழ்கிறது’ என்றும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். 2010-இல்தான் அவற்றை இடித்தார்கள். அந்த வாசகங்களைப் படித்துக்கொண்டே வீடு வாங்க வந்தவர்கள் யார் என்பதுதான் முக்கியம்.

1990-இல் அங்கே பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர். ஒரு பகுதியினர், பள்ளிகளில் இனப்பிரிவினை ஒழிந்ததும் அட்லாண்டா நகரத்தை விட்டு வெளியேறியவர்கள். இன்னொரு பகுதியினர், கம்பெனி மாற்றலில் வட மாநிலங்களிலிருந்து வந்த மேலாளர்களும் பொறியாளர்களும். இந்த இரண்டாவது கூட்டத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள், எனக்கு இவர்கள்தான் முக்கியமாகப் படுகிறார்கள். பழைய ஜனநாயகக் கட்சியின் ஊர்ப்பெரியவர்களோடு இவர்களுக்கு உறவும் இல்லை, கடனும் இல்லை, பயமும் இல்லை. தாத்தா காலத்துக் கட்சி விசுவாசம் இல்லாத மனிதர்கள் லட்சக்கணக்கில் வந்து இறங்கினால் எந்தக் கோட்டையும் ஆட்டம் காணும்.

அந்த முதல் அலையின் மனநிலையை அளக்க ‘மார்ட்டா’வை விட நல்ல அளவுகோல் கிடையாது. மார்ட்டா என்பது அட்லாண்டாவின் ரயில், பேருந்து அமைப்பு. பெயரிலேயே பெருநகரம் முழுவதற்குமானது என்ற கனவு உண்டு. 1965-இல், அட்லாண்டாவுக்கு வடமேற்கே உள்ள காப் கவுண்டி அதில் சேரவே மாட்டோம் என்று வாக்களித்தது. 1971-இல் செலவுக்கு விற்பனை வரி போடலாமா என்று கேட்டபோது ஃபுல்டனும் டிகால்பும் சரி என்றன. க்வின்னெட்டும் கிளேட்டனும் பெரும் வித்தியாசத்தில் நிராகரித்தன. வரி பிடிக்காதவர்கள் இருந்தார்கள், உண்மைதான். ஆனால் நகரத்துக் கருப்பின மக்கள் ரயிலேறித் தங்கள் பக்கம் வந்துவிடுவார்கள் என்ற பயம் அந்த வாக்கில் பெரிதாக இருந்தது. அதை மூடி மறைப்பதில் அர்த்தமில்லை. 1990-இல் க்வின்னெட் மறுபடியும் வேண்டாம் என்றது.

அந்த மண்ணில்தான் குடியரசுக் கட்சியின் நியூட் கிங்ரிச் வேரூன்றினார். 1990 கணக்கெடுப்புக்குப் பிறகு சட்டமன்றத்தில் இருந்த ஜனநாயகக் கட்சியினர் அவருடைய தொகுதியைத் துண்டு துண்டாக வெட்டி ஒழிக்கப் பார்த்தார்கள். அவர் பேசாமல் காப் கவுண்டிக்குக் குடிமாறினார். 1992 பிரைமரியில் ஆயிரத்துக்கும் குறைவான வாக்கில் தப்பி ஜெயித்தார், 1995-இல் நாடாளுமன்றக் கீழவையின் சபாநாயகரானார். வரைபடம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: கோடு போடும்போது இருக்கும் மக்கள், பத்து வருஷம் கழித்தும் அப்படியே இருப்பதில்லை.

2002-இல் சன்னி பெர்டூ ஆளுநராகத் தேர்வானார். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்துக்கு அப்புறம் ஜார்ஜியா கண்ட முதல் குடியரசுக் கட்சி ஆளுநர். மாநிலக் கொடியில் இருந்த, உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் சின்னத்தை, அப்போதைய ஜனநாயகக் கட்சி ஆளுநர் ராய் பார்ன்ஸ் சுருக்கிவிட்டார் என்ற கிராமத்துக் கோபம்தான் இதற்குக் காரணமாகச் சொல்லப்படும். அது பாதிக் கதை. மீதிப் பாதி, ‘நார்தர்ன் ஆர்க்’ என்று வடக்குப் புறநகர்கள் வழியே பார்ன்ஸ் போட நினைத்த நெடுஞ்சாலை. தங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் சாலை வருவதைப் புறநகர் மக்கள் விரும்பவில்லை, பெர்டூவும் எதிர்ப்பேன் என்றார். 2004 தேர்தலோடு சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் குடியரசுக் கட்சி வசமாயின. வந்த கையோடு செய்த வேலைகளில் ஒன்று, ஃபுல்டன் கவுண்டிக்குள் இருந்த வசதியான சாண்டி ஸ்பிரிங்ஸ் பகுதி தனி நகரமாவதற்கு வழி திறந்தது. 2005 வாக்கெடுப்பில் 94 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். ஜான்ஸ் கிரீக், மில்டன், டன்வுடி என்று வரிசையாகத் தனி நகரங்கள் முளைத்தன. தங்கள் வரிப்பணம் தங்கள் எல்லைக்குள்ளேயே செலவாக வேண்டும் என்பதுதான் அடிப்படைக் கோரிக்கை.

சரி, அப்புறம் என்ன ஆயிற்று? வீடுகளுக்கு வயதானது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிய வீடுகளை விட்டு முதல் அலைக்காரர்களில் பலர் இன்னும் வெளியே, ஃபார்சைத், செரோக்கி, ஹால் கவுண்டிகளுக்கு நகர்ந்தார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் புதியவர்கள் வந்தார்கள். நியூயார்க், சிகாகோ பக்கமிருந்து தெற்கே திரும்பிய கருப்பின நடுத்தர வர்க்கம், மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள், கொரியர்கள், ஆப்பிரிக்கர்கள், நம்மவர்கள். ஜான்ஸ் கிரீக், ஆல்ஃபரெட்டா, சுவானி, கம்மிங் என்ற பெயர்களைச் சொன்னாலே ஐடி வேலையில் இருக்கும் பல தமிழ்க் குடும்பங்களுக்கு யாராவது ஒரு சொந்தக்காரர் நினைவுக்கு வருவார். 2016 முடிவில், வாக்குச்சீட்டை ஸ்பானிஷ் மொழியிலும் தர வேண்டிய ஜார்ஜியாவின் முதல் கவுண்டியானது க்வின்னெட். 2020-இல் அங்கே வெள்ளையர் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான். தெற்கே ஹென்ரி, ராக்டேல், டக்ளஸ் கவுண்டிகளில் கருப்பின மக்கள் இதே வேகத்தில் பெருகினார்கள்.

எல்லாமே குடியேற்றத்தால்தான் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு காலத்தில் கிங்ரிச்சிடம் இருந்த 6-ஆவது காங்கிரஸ் தொகுதியில், 2012 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ராம்னி ஏறக்குறைய 23 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். 2016-இல் அதே எல்லைக்குள் டிரம்ப் ஒன்றரைப் புள்ளியில்தான் ஜெயித்தார். நாலு வருஷத்தில் அவ்வளவு பேர் வீடு மாறியிருக்க முடியாது. அங்கே இருந்த, பட்டம் படித்த, வசதியான வெள்ளைக்காரக் குடியரசுக் கட்சியினரே கட்சியிலிருந்து விலகிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2017-இல் அங்கே நடந்த இடைத்தேர்தல், அதுவரையிலான கீழவைத் தேர்தல்களிலேயே அதிகச் செலவு பிடித்த தேர்தலாயிற்று. ஜனநாயகக் கட்சியின் ஜான் ஆசாஃப் தோற்றார். மறு வருஷம் அதே தொகுதியை லூசி மெக்பாத் ஜனநாயகக் கட்சிக்குப் பிடித்துக் கொடுத்தார்.

ஆக, க்வின்னெட்டிலும் ஹென்ரியிலும் பெரும்பாலும் ஆள் மாறியது. வடக்கு ஃபுல்டனிலும் கிழக்குக் காப்பிலும் பெரும்பாலும் மனம் மாறியது. இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், ஆள் மாறிய இடம் எளிதில் திரும்பாது, மனம் மாறிய இடம் வேட்பாளரைப் பொறுத்துத் திரும்பும். இதைப் பின்னால் பார்ப்போம்.

2016-இல் ஜார்ஜியாவில் ஹிலாரி கிளிண்டன் தோற்றாலும் காப், க்வின்னெட் இரண்டையும் ஜெயித்தார். 1976-இல் சொந்த மாநிலக்காரரான ஜிம்மி கார்ட்டருக்குப் பிறகு எந்த ஜனநாயகக் கட்சியினருக்கும் அது வாய்க்கவில்லை. அதே 2016-இல், ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போதே வாக்காளராகத் தானாகப் பதிவாகும் ஏற்பாடும் வந்தது. 2018-இல் ஜனநாயகக் கட்சியின் ஸ்டேசி ஏப்ரம்ஸ் ஆளுநர் தேர்தலில் சுமார் 55,000 வாக்கில் குடியரசுக் கட்சியின் பிரையன் கெம்ப்பிடம் தோற்றார். 2020-இல் பைடன் 11,779 வாக்கில் ஜெயித்தார். ஏறத்தாழ 50 லட்சம் வாக்குப் பதிவான தேர்தலில் அது கடுகளவு. அந்த முடிவை மாற்ற டிரம்ப் கொடுத்த நெருக்குதலுக்கு மசியாத, தேர்தல்களை மேற்பார்வையிடும் மாநிலச் செயலர் பிராட் ராஃபன்ஸ்பெர்கர், ஜான்ஸ் கிரீக் நகர மன்றத்திலிருந்து மேலே வந்த குடியரசுக் கட்சிக்காரர். புறநகரின் பழைய முகம் எப்படிப்பட்டது என்பதற்கு அவரும் ஒரு அடையாளம்.

ஆனால் அதிபர் தேர்தல் முடிவை மட்டும் பார்க்கிறவர்கள் முக்கியமானதைத் தவறவிடுகிறார்கள் என்பேன். அன்றாட வாழ்க்கையைத் தொடும் மாற்றம் கவுண்டி அலுவலகத்தில் நடந்தது. க்வின்னெட்டை நிர்வகிக்கும் கமிஷனர்கள் குழுவுக்கு வெள்ளையரல்லாத ஒருவர் முதன்முதலாகத் தேர்வானதே 2018-இல்தான். இரண்டே வருஷத்தில் குழு முழுவதும் ஜனநாயகக் கட்சி வசமாகி, நிக்கோல் லவ் ஹெண்ட்ரிக்சன் தலைவரானார். காப்பில் லீசா கியூப்பிட் தலைவரானார். இரண்டு கவுண்டியிலும், சிறையைப் பார்த்துக்கொள்ளும் காவல் அதிகாரியான ஷெரிஃப் பதவியும் கைமாறியது. கைதாகிறவர்களின் குடியேற்ற ஆவணங்களைச் சிறையிலேயே சோதித்து மத்திய அதிகாரிகளிடம் ஒப்படைக்கும் 287(ஜி) திட்டத்தைப் புது ஷெரிஃப்கள் 2021 ஜனவரியில் நிறுத்தினார்கள். பின்விளக்கு எரியாததற்காகப் போலீஸ் வண்டியை நிறுத்தினால் குடும்பமே பிரிந்துபோகுமோ என்று பயந்துகொண்டிருந்த ஒரு கூலித் தொழிலாளிக்கு, வெள்ளை மாளிகையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைவிட அது பெரிய செய்தி.

இந்த இரண்டு கவுண்டிக்குள்ளும் மார்ட்டா மட்டும் இன்னும் நுழையவில்லை! கிளேட்டன் 2014-இல் மனம் மாறிச் சேர்ந்துகொண்டது. க்வின்னெட் 2019-இல் மறுபடி நிராகரித்தது. 2020-இல் போக்குவரத்து விரிவாக்கத்துக்கான வரி சுமார் ஆயிரம் வாக்கில் தோற்றது. 2024-இல் க்வின்னெட்டும் காப்பும் தங்கள் போக்குவரத்துத் திட்டங்களுக்கான வரியை மறுத்துவிட்டன. கட்சி மாறினாலும் புறநகர்க்காரர் புறநகர்க்காரர்தான். கார், சொத்து வரி, பள்ளிக்கூடத்தின் பெயர், இந்த மூன்றையும் தொடுகிற எதையும் அவர் இரண்டு முறை யோசிப்பார். நகரத்து அரசியலை அப்படியே தூக்கி வந்து இங்கே நட முடியாது என்பதை ஜனநாயகக் கட்சி இன்னும் முழுதாக உணரவில்லை என்று நினைக்கிறேன்.

மாற்றம் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் மாநிலச் சட்டமன்றம். தொகுதி எல்லையை வரைவது அந்தச் சட்டமன்றமே. 2021-இல் மெக்பாத்தின் 6-ஆவது தொகுதியைத் தொலைதூரக் கவுண்டிகளோடு இணைத்து வரைந்து குடியரசுக் கட்சிக்குச் சாதகமாக்கினார்கள். அவர் பக்கத்துத் தொகுதிக்கு மாறி, சொந்தக் கட்சியின் கேரலின் போர்டோவைப் பிரைமரியில் வென்று காங்கிரஸில் நீடித்தார். முப்பது வருஷம் முன்பு கிங்ரிச்சுக்கு எதிர்த்தரப்பு செய்ததும் இதேதான். 2022-இல் க்வின்னெட் பள்ளி வாரியத் தேர்தலைக் கட்சி சார்பற்றதாக மாற்றும் சட்டமும் வந்தது. வாரியத்தில் ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மை வந்த பிறகுதான் அந்த யோசனை உதித்தது என்பதைக் கவனியுங்கள். 2024 தேர்தல் முடிவில் மாநிலக் கீழவை, குடியரசுக் கட்சிக்கு 100, ஜனநாயகக் கட்சிக்கு 80 இடங்கள் என்று குடியரசுக் கட்சியிடமே இருந்தது. மாநிலம் முழுவதும் நூலிழையில் இருக்கிறது, சட்டமன்றம் அப்படி இல்லை.

இப்போது, 2024-இல் ஏன் திரும்பியது என்ற கேள்வி. முதலில் 2022-ஐப் பாருங்கள். ஒரே நாள், ஒரே வாக்குச்சீட்டு. கெம்ப் ஏழரைப் புள்ளியில் ஏப்ரம்ஸைத் தோற்கடித்தார். செனட் போட்டியில் ஜனநாயகக் கட்சியின் ரஃபேல் வார்னாக் முந்தினார், டிசம்பர் மறுதேர்தலில் குடியரசுக் கட்சியின் ஹெர்ஷல் வாக்கரை வென்றார். கெம்ப்புக்கும் வார்னாக்குக்கும் சேர்த்துப் போட்டவர்கள் கணிசம். மனம் மாறிய இடங்கள் வேட்பாளரைப் பொறுத்துத் திரும்பும் என்று மேலே சொன்னது இதைத்தான். 2020-இன் முடிவை மதித்த கெம்ப்பை அவர்கள் தங்களவராகவே பார்த்தார்கள்.

2024-இல் டிரம்ப் சுமார் 1,15,000 வாக்கில் ஜெயித்தார். ஆனால் கமலா ஹாரிஸ், பைடனைவிடச் சுமார் 74,000 வாக்கு கூடவே வாங்கியிருந்தார். டிரம்ப் தன் பழைய கணக்கைவிட இரண்டு லட்சம் கூட வாங்கினார். கிராமங்களிலும், புறநகருக்கும் வெளியே புதிதாக வீடு முளைக்கும் விளிம்புக் கவுண்டிகளிலும் அவருடைய ஆட்கள் திரண்டு வந்தார்கள். நாடே வலப்பக்கம் சாய்ந்த அந்தத் தேர்தலில் எதிர்த்திசையில் நகர்ந்த சில கவுண்டிகளில் ஹென்ரியும் ஒன்று. ஆள் மாறிய இடம் திரும்பவில்லை, பாருங்கள்.

இனி ஃபார்சைத்தைக் கவனிக்கச் சொல்வேன். 1912-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருப்பின மக்களை அடித்து விரட்டிய கவுண்டி அது. எண்பதுகள் வரை ஏறக்குறைய முழுக்க வெள்ளையர் மட்டுமே. 1987-இல் உரிமை ஊர்வலம் போனவர்கள்மீது கல்லெறிந்தார்கள். 2020-இல் அங்கே இரண்டரை லட்சம் பேர், ஆறில் ஒருவருக்கு மேல் ஆசியர், அவர்களில் மிகுதி இந்தியர். 2012-இல் 80 சதவீதத்தைத் தொட்ட குடியரசுக் கட்சி வாக்கு 2020-இல் 66 சதவீதம். 2024-இல் ஜான்ஸ் கிரீக்கும் ஃபார்சைத்தின் ஒரு பகுதியும் அடங்கிய மாநில செனட் தொகுதியில், தமிழ்நாட்டு வேர் கொண்ட அஷ்வின் ராமசாமி என்ற இளைஞர் ஜனநாயகக் கட்சிக்காக நின்று தோற்றார். தோற்றாலும் அங்கே அது உண்மையான போட்டியாக இருந்தது. ஆனால் இந்த இந்தியக் குடும்பங்கள் தானாகவே அந்தப் பக்கம் போய்விடும் என்று யாரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம். வீடு, பள்ளி, வரி என்று வந்தால் அவர்களும் முதல் அலைக்காரர்களைப் போலவேதான் கணக்குப் போடுகிறார்கள்.

2025 நவம்பரில் மின்கட்டணத்தை முடிவு செய்யும் மாநில ஆணையத்துக்கு நடந்த தேர்தலில் இரண்டு ஜனநாயகக் கட்சியினர் 60 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார்கள். பதிவான வாக்கு குறைவு, அட்லாண்டா நகராட்சித் தேர்தலும் அதே நாளில் நடந்தது, அதனால் அளவுக்கு மீறி அர்த்தம் கற்பிக்கக் கூடாது. இருந்தாலும் 2006-க்குப் பிறகு மாநில அளவிலான மாநிலப் பதவி ஒன்றை அந்தக் கட்சி பிடித்தது அன்றைக்குத்தான். தொடர்ந்து ஏறிய மின்கட்டணமும், எங்கு பார்த்தாலும் எழும்பும் டேட்டா சென்டர்களும்தான் அங்கே பேசுபொருள். நார்தர்ன் ஆர்க் சாலையை எதிர்த்து ஒரு ஆளுநரை வீட்டுக்கு அனுப்பிய அதே புறநகர்க் கோபம்தான் இதுவும்.